அறைகள்: சில குறிப்புகள்

வசிப்பது விழுப்புரம், உத்தியோகம் திண்டிவனத்தில், ஒரு வங்கிக் கிளையில். வீட்டுக் கடன் மனுக்களோடு வரும் வரைபடங்களைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்க்கும் வேலை என் மேஜைக்கு வந்த பிறகு, தினமும் இரண்டு மூன்று வீடுகளுக்குள் காகிதத்திலேயே போய் வருகிறேன். எல்லாம் ஒரே வீடுதான். நடுவில் ஹால், ஒட்டினாற்போல் இரண்டு படுக்கையறை, தென்கிழக்கு மூலையில் சமையலறை, எஞ்சிய இடத்தில் பூஜை அறை, முன்னால் கார் இல்லாதவனுக்கும் ஒரு போர்டிகோ. மனுதாரர் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டால் வீடு யாருடையது என்று சொல்ல முடியாது. வாரப் பத்திரிகைக் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

இந்த ஒற்றைத் தன்மை எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில் கிடைத்தவை இவை.

வீட்டின் முன்புறத்துக்குப் பழைய தமிழில் முன்றில் என்று பெயர். இல்முன் என்று இருக்கவேண்டியது புரண்டு முன்றிலாயிற்று என்பது இலக்கணம். சொல்லிலேயே வீட்டுக்கு முன்னதாக வெளி வந்து நின்றுகொள்கிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு மனை வகுக்கப்படுவதை விவரிக்கிறார். நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் இரு கோல் நட்டுத் திசை குறித்து, கயிறு பிடித்து இடம் பிரிக்கிறார்கள். என்னைக் கவர்ந்தது அது அல்ல. அந்தப் பாட்டில் வேனிற் பள்ளி என்று ஒன்று வருகிறது. தென்றலுக்காகத் திறந்திருந்த அதன் கதவுகள் வாடைக் காலத்தில் தாழிடப்படுகின்றன. அதாவது, அங்கே அறை என்பது பருவத்தைப் பொறுத்தது. ஆட்கள்தான் வீட்டுக்குள் இடம் பெயர்கிறார்கள். நம் வரைபடத்தில் அறை கட்டிலைப் பொறுத்தது. கட்டில் நகராது, அதற்கு நேர் மேலே மின்விசிறிக் கொக்கியை கான்கிரீட்டோடு சேர்த்துப் பதித்தாகிவிட்டது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் இந்த இரண்டுக்கும் நடுவே நின்றவை. திண்ணை, நடை, கூடம், நடுவில் வானம் தெரியும் வாசல், அதைச் சுற்றித் தாழ்வாரம், கடைசியில் அடுக்களை, தோட்டம். இவற்றில் அடுக்களை தவிர எதற்கும் ஒரே காரியம் என்று விதிக்கப்படவில்லை. கூடத்தில் நெல் காயும், பிள்ளை பிறக்கும், பிணமும் கிடத்தப்படும். கூரை மாறியபோதுகூட இந்த அமைப்பு மாறவில்லை. பாஸல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் நாட்டு ஓட்டை நகர்த்தியது; வசதி உள்ளவர்கள் உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு மெட்ராஸ் டெரஸ் கட்டினார்கள். வாசல் வாசலாகவே இருந்தது.

மாற்றியவை இரண்டு. ஒன்று தொலைக்காட்சி. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னை நிலையம் தொடங்கியது. 2006-ல் வந்த அரசு இலவசப் பெட்டிகளைத் தர ஆரம்பித்தது. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். ஹாலின் சரித்திரம் இந்தத் திரும்பலில் இருக்கிறது.

மற்றது நான் சோறு தின்னும் தொழில். வீட்டுக் கடனுக்கென்றே 1977-ல் எச்.டி.எஃப்.சி. ஏற்பட்டது, வங்கிகள் மெள்ள அதே வழிக்கு வந்தன. கடனுக்கு வீடே ஈடு. தவணை நின்றால் அதை விற்றாக வேண்டும். விற்கத் தகுந்த வீடு என்பது எவனுக்கும் பொருந்துகிற வீடு. எனவே கட்டுகிறவன் தனக்காகக் கட்டுவதற்கு முன்பே, தான் தோற்றுப் போனால் வாங்கப் போகிறவனுக்காகக் கட்டுகிறான். இதை யாரும் அவனிடம் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

இங்கே ஒரு பெருமூச்சு விட்டுத் திண்ணையைப் பாடிவிட்டுப் போவது சுலபம். நம்மில் பலர் செய்திருக்கிறார்கள். திண்ணை வழிப்போக்கனை உட்கார வைத்தது. இன்னார் அதற்கு மேல் வரக் கூடாது என்று நிறுத்தியும் வைத்தது. சிலரை அதன் மேலேயே ஏற விடவில்லை. மாதத்தில் மூன்று நாள் தாழ்வாரத்துக் கோடியில் ஒதுங்கியவளைக் கேட்டால் அந்த வீட்டின் அழகு வேறு மாதிரி தெரியும். 2011-ல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடியில் ஹாலும் படுக்கையறையும் சமையலறையும் கழிவறையும் கொடுத்தார்கள். கீற்றுக் கூரையிலிருந்து அதற்குள் போனவளிடம் வாசல் இழந்த துக்கத்தைப் பேசுவது அசிங்கம். கதவுள்ள கழிவறைதான் அவளுக்குச் சரித்திரம்.

பழையதைப் பிரதி செய்யாமலும், விற்பனைக்கென்றே கட்டாமலும் யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். மார்கரெட் ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற பெண் 1926-ல் ஃப்ராங்க்ஃபர்ட் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டரில் ஒரு சமையலறையை வகுத்தார். ரயில் உணவுப் பெட்டியின் சமையல்கட்டு அவருக்கு ஒரு முன்மாதிரி. ஒரு நாளில் எத்தனை அடி நடக்கிறாள் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. பக்கத்திலேயே, புதுச்சேரியில், ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இருக்கிறது. அன்டோனின் ரேமண்ட் வகுத்தது; ஜார்ஜ் நகஷிமா இருந்து கட்டத் தொடங்கியது; 1930களின் பிற்பகுதியில் ஆரம்பித்து நாற்பதுகளில் முடிந்தது. வெளிச்சுவரில் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் திருப்பக் கூடிய படுக்கைவாட்டுப் பலகைகள். உள்ளே நகரும் தேக்குக் கதவுகளில் இடைவெளி விட்ட சட்டங்கள். காற்று போகும், பார்வை போகாது. தனிமைக்கும் காற்றுக்கும் சண்டை மூட்டாத கட்டிடம். வேனிற் பள்ளியைக் கான்கிரீட்டில் மறுபடி யோசித்ததாக எனக்குப் படுகிறது. நவீனம் என்ற சொல்லைக் கவிதைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் நாம் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவும் தெரிந்த நான் என் வீட்டில் செய்ததைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையல்ல. போன வருஷம் வீட்டைச் சற்றுத் திருத்திக் கட்டினோம். எனக்கு எழுத ஓர் அறை வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் எழுதியதைக் கல்லூரியில் படித்ததிலிருந்து அது ஆசை என்பதைவிட உரிமையாகவே மனதில் இருந்தது. தாழ்வாரத்தின் ஒரு பக்கத்தை அடைத்தால் அறை கிடைக்கும். காகிதத்தில் கோடு போட்டு அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது. நான் எங்கப்பா படுக்கறது?” என்றாள்.

அப்பா போன பிறகு அம்மா பாய் விரிக்கும் இடம் அது. நாற்பது வருஷமாக அந்த வீட்டில் இருப்பவளுக்கு என் வரைபடத்தில் ஓர் இடமும் இல்லை என்பது நான் கோடு போட்டபோது என் பிரக்ஞையில் இல்லை. வுல்ஃப் கேட்டது என் போன்றவனுக்கு அல்ல, அவளுக்கு. ஒரு பெண் கேட்ட அறையை நான் பதினைந்து வருஷமாக என் பெயரில் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறையைக் கட்டி அவளுக்கே கொடுத்தோம். உள்ளிருந்து போடத் தாழ்ப்பாளும் வைத்தோம். இப்போது அதில் நான் திண்டிவனத்திலிருந்து வாங்கி வரும் புளி, பானையில் இருக்கிறது; பழைய டிரங்குப் பெட்டியும் குதிரும் இருக்கின்றன. அம்மா இன்னமும் தாழ்வாரத்தில் மிஞ்சிய இடத்தில்தான் படுக்கிறாள். காற்று வரவில்லையாம். பகலில் மட்டும் எப்போதாவது உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். என்ன செய்கிறாள் என்று நாங்கள் கேட்பதில்லை.

இதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.