ஆயக்குத்தகையாளர் இலவோசியர்

அந்துவான் இலவோசியர் (1743-1794) என்றதும் ஒட்சிசனுக்குப் பெயரிட்ட இரசாயன அறிஞரே நினைவுக்கு வருவர். ஆயின், அவருடைய வாழ்வுக்கு வளமும் சாவுக்கு ஏதுவும் ஆகியது அவர் ஏற்றிருந்த மற்றொரு தொழிலாகும். அஃது அரசிறை தண்டுந் தொழில்.

புரட்சிக்கு முந்திய பிரான்சிலே உப்பு, புகையிலை, மதுபானம், சுங்கம் முதலியவற்றின் வரிகளை அரசன் தன் அலுவலரைக்கொண்டு நேரே தண்டுவதில்லை. 1726ஆம் ஆண்டு முதல் ஆறாண்டுத் தவணையில் அவ்வுரிமை 'பொதுக்குத்தகை' எனப்பட்ட செல்வர் கூட்டத்துக்கு விடப்பட்டது. அவர்கள் ஆண்டுதோறும் குறித்த தொகையைத் திறைசேரிக்குச் செலுத்தினர். தண்டியதில் எஞ்சியது அவர்க்கு இலாபம். அரசனுக்கு நிச்சயமான வருவாயும் வேண்டியபோது கடனும் கிடைத்தன. குடிகளின் வெறுப்போ குத்தகையாளரையே சார்ந்தது.

அவ்வெறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. உப்புவரி மாகாணந்தோறும் வேறுபட்டது. வரி மிகுந்த பகுதிகளில் எட்டு வயதுக்கு மேற்பட்டோர் தலைக்கு இவ்வளவு என உப்பு வாங்குதல் கட்டாயம். அயலிலுள்ள பிரித்தானி மாகாணத்திலோ உப்புவரியே இல்லை. ஆதலாற் கள்ளக்கடத்தல் பெருகியது. ஆயுதந் தாங்கிய காவலர் வீடு புகுந்து சோதித்தனர். அகப்பட்டோர் கடுந்தண்டனை பெற்றனர்.

இலவோசியர் 1768இல் ஒரு குத்தகையாளரின் பங்கில் மூன்றிலொரு கூற்றை வாங்கி இக்கூட்டத்திற் சேர்ந்தார். விஞ்ஞானக் கழகம் அவரை ஏற்றுக்கொண்டதும் அவ்வாண்டிலேயே. மாகாணங்களிற் சுற்றிப் புகையிலை வாணிகத்தை மேற்பார்வை செய்தார். 1771இல் உடன்குத்தகையாளரான இழாக்கு போல்சு என்பாரின் மகளை மணந்தார். குத்தகை வருவாயே அவருடைய ஆய்வுகூடத்துக்கும் விலையுயர்ந்த தராசுகளுக்கும் உதவியது.

வரி கொடாது பாரிசினுட் புகும் பண்டங்களைத் தடுத்தற்கு நகரைச் சூழ மதிலெழுப்பவேண்டுமென அவர் ஆலோசனை கூறினார். 1780களில் ஏறக்குறைய 24 கிலோமீற்றர் நீளமான மதில் எழுந்தது. அதன் வாயில்களை இலெது என்னுஞ் சிற்பி அமைத்தார். கணக்கறிந்த ஒருவரின் நோக்கில் அது சிக்கனமான ஏற்பாடு. நகரமாந்தர்க்கோ அது சிறைச்சுவராகத் தோன்றியது. 1789 யூலையில், பசுத்தீய்க் கோட்டை வீழ்வதற்குச் சற்று முன்னரே, அவ்வாயில்கள் பலவற்றை மக்கள் தீயிட்டனர்.

1791இற் பொதுக்குத்தகை ஒழிக்கப்பட்டது. 1793 நவம்பரிற் குத்தகையாளர் சிறையிடப்பட்டனர். மிகையான இலாபங் கொண்டனர், புகையிலையில் நீர் கலந்தனர் என்பன அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுட் சில. 1794 மே 8ஆந் திகதி இலவோசியரும் அவர்தம் மாமனாரும் உட்பட 28 பேர் கொல்லப்பட்டனர்.

புரட்சி மன்றம் ஒவ்வொருவர் செயலையுந் தனித்தனி ஆராய்ந்திலது. முறைமையின் குற்றத்தை ஆட்கள்மீது ஏற்றித் தீர்த்தது. அது நீதியன்று. எனினும், இலவோசியர் நேர்மையாளர் என்பதனால் அம்முறைமை நேரியதாகிவிடாது. ஏழையின் உப்பிலே இலாபந் தேட அரசு தனியார்க்கு இடங்கொடுத்தமையே முதற்பிழை. அதனை வகுத்த அரசனும் அமைச்சருந் திருத்தத் தவறியமையாற், கற்றவரும் கயவரும் ஒரே வண்டியிற் கொலைக்களஞ் செல்ல நேர்ந்தது.