ஊவா மலைச்சாலைகளில் பழைய கனரக லொறிகள்: உற்பத்தியும் மறுஉற்பத்தியும்

பழைய கனரக லொறிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுகின்றன. எந்த நிறுவனம், எந்த மாதிரி, எந்த ஆண்டு என்ற வினாக்களுக்கு விடை கிடைத்ததும் ஒரு வண்டியின் உற்பத்தி வரலாறு முடிந்துவிட்டதாகக் கொள்வது ஆர்வலரிடையே நெடுநாள் வழக்கம். ஊவா மாகாணத்தின் தோட்டச் சாலைகளில் உழைத்த லொறிகளுக்கு இந்த அளவுகோல் போதாது. பிரித்தானியாவிலிருந்தும், பின்னர் இந்தியாவிலிருந்தும் சட்டகமாக வந்திறங்கிய வண்டிகளுக்கு இலங்கைத் தச்சரும் கொல்லரும் மெக்கானிக்குகளும் உடலும் நீண்ட ஆயுளும் கொடுத்தனர். அவர்களது வேலையும் உற்பத்தி வரலாற்றின் பகுதியே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை, பதுளை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் ஏ5 வீதியும், பெரகலையில் தொடங்கி ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக இறங்கிவரும் ஏ16 வீதியும் சந்திக்கும் இடமாகவும், பதுளைக்கு முந்திய ரயில் நிலையமாகவும் இருப்பதால், ஹாலிஎல இவ்வாய்வுக்கு இயல்பான மையமாகிறது.

மோட்டார் வருவதற்கு முன் இம்மலைகளின் சுமையைத் தவளமும் கரத்தையும் தாங்கின. முதுகில் பொதியேற்றிய மாடுகளின் வரிசையே தவளம். கரத்தை என்பது மாட்டுவண்டி. கொழும்பிலிருந்து மலையேறிய ரயில் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு வந்து சேர்ந்ததோ 1924இல்தான். கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னர் பதுளை, ஹாலிஎல வட்டாரத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வீதி வழியாகவே ரயிலைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள். வீதியை நம்பிய இந்த இடைவெளிக் காலத்தின் பிற்பகுதியில்தான் உலகில் மோட்டார் லொறி பயன்பாட்டுக்குரிய பொருளாக முதிர்ந்தது.

அம்முதிர்ச்சியின் தொடக்கம் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், லேலண்ட் என்னும் சிற்றூரில் 1896இல் நிறுவப்பட்ட நீராவி வண்டித் தொழிலகத்தில் காணப்படுகிறது. 1907இல் லேலண்ட் மோட்டர்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், முதல் உலகப் போரில் பிரித்தானிய வான்படைக்கு மூன்று தொன் லொறிகளை ஆயிரக்கணக்கில் வழங்கிப் பெயர் பெற்றது. எனினும் மலைத்தோட்டங்களின் ஒடுங்கிய பாதைகளுக்கு ஏற்ற இலகுவான, விலை குறைந்த லொறி வேறொரு வழியில் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தனக்குச் சொந்தமான வொக்ஸ்ஹோல் தொழிற்சாலையில், லூட்டன் நகரில், செவ்ரோலே லொறிகளைப் பொருத்தி விற்றுவந்தது. அவ்வமைப்பைத் தழுவி 1931இல் இரண்டு தொன் சுமைக்குரிய ஒரு லொறியைப் பெட்போர்ட் என்ற புதுப் பெயரில் வெளியிட்டது. ஆறு உருளை கொண்ட அதன் பெற்றோல் எஞ்சின், அமெரிக்க மூலத்தின் எளிமையை அப்படியே வைத்திருந்தது. தோட்டத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்காகக் கண்டியில் 1854இல் தோன்றிய வோக்கர் நிறுவனமும், ஹட்டனில் 1875இல் தோன்றிய பிரவுன் நிறுவனமும் ஏற்கெனவே மலைநாட்டில் பொறியியல் வேலையைப் பழக்கியிருந்தபடியால், இத்தகைய எஞ்சினைத் திறந்து மூடும் கைகளுக்கு இங்கே பஞ்சம் இருக்கவில்லை.

ரயில் பதுளையை அடைந்ததும் லொறியின் தேவை குறையவில்லை, அதன் வேலை மாறியது. தொழிற்சாலையிலிருந்து நிலையத்துக்குப் பெட்டிகளை இறக்குவதும், நிலையத்திலிருந்து அரிசி, உரம், இயந்திர உதிரிகள் ஆகியவற்றை ஏற்றுவதும் ஒருபுறம். மலையெங்கும் சிதறிக் கிடந்த கொழுந்து மடுவங்களில் நிறுக்கப்பட்ட பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குச் சேர்ப்பது மறுபுறம். இரண்டாவது வேலை கூடுதல் நுட்பம் வாய்ந்தது. பறித்த கொழுந்து நசுங்கினாலோ சூடேறினாலோ தேயிலையின் தரம் கெடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் உருவாகும் ஊவாத் தேயிலையின் தனி மணம் உயர்ந்த விலை பெறுவதால், அக்காலத்தில் தாமதத்தின் விலையும் உயர்ந்தது. காற்றோட்டத்துக்கு இடம்விட்ட உயரமான பக்கச் சட்டங்களுடன் கொழுந்து லொறிகள் அமைந்தமைக்குக் காரணம் இதுவே.

இரண்டாம் உலகப் போரில் பெட்போர்ட் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ லொறிகளைத் தயாரித்தது. அப்போர் முடிந்த பின் வந்த இருபது ஆண்டுகளே ஊவாவின் லொறி வரலாற்றில் வளம் மிக்கவை. லேலண்ட் 1947இல் கொமெட் என்ற டீசல் லொறியை அறிமுகப்படுத்தியது. பெட்போர்ட் 1950இல் ஏழு தொன் சுமைக்குரிய எஸ் வகையையும், 1958இல் ஜே வகையையும், அதையடுத்து எஞ்சினின் மேல் கெபின் அமைந்த டீகே வகையையும் வெளியிட்டது. ஐரோப்பியச் சந்தை டீகேயை விரும்பியது. ஆனால் பழைய முறைப்படி மூக்கு நீண்ட ஜே வகையே இலங்கையின் மலைகளில் நெடுங்காலம் நிலைத்தது. பொனட்டைத் தூக்கியதும் எஞ்சினின் இரு பக்கமும் கைக்கு எட்டும் என்பதால், முடக்குகள் நிறைந்த ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றால் டிரைவரும் கிளீனரும் அவ்விடத்திலேயே வேலையைத் தொடங்க முடிந்தது. 3.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் 4.9 லீற்றர் டீசல் எஞ்சினும் அவ்வகைக்குக் கிடைத்தன. எரிபொருள் செலவு கருதுவோருக்கு டீசலே உகந்ததாயிற்று.

இவ்வண்டிகளில் பல, அடிச்சட்டகமாகவே கப்பலில் வந்தன. அடிச்சட்டகம், அதாவது சேசி, என்பது இரு நீண்ட உருக்கு விட்டங்களின் மேல் எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சுகள், சில்லுகள் ஆகியவை பொருத்தப்பட்ட நிலை. முன்முகத் தகடு சிலவற்றில் இருக்கும், பின்புறப் பெட்டி இராது. எஞ்சியதை உள்நாட்டுப் பட்டறைகளே செய்தன. கரத்தை செய்து பழகிய தச்சர், ஹல்மில்ல போன்ற கடுமரத்தைச் சட்டமாக இழைத்து, முளையாலும் மரையாணியாலும் கோர்த்து, மூலைகளில் கொல்லன் அடித்த இரும்புப் பட்டையைப் பதித்து லொறியின் உடலை எழுப்பினர். மரச்சட்டம் மேடு பள்ளங்களில் சற்று நெளிந்துகொடுக்கும் தன்மையுடையது. உடைந்த ஒரு கட்டையை மட்டும் கழற்றி மாற்றிவிடவும் முடியும். பாதையின் வளைவுக்கு ஏற்பப் பின்நீட்சியைக் குறைப்பது, பெட்டிகளின் அளவுக்கு ஏற்ப அகலத்தைத் தீர்மானிப்பது போன்ற முடிவுகள் வரைபடமின்றிப் பட்டறைத் தரையிலேயே எடுக்கப்பட்டன. இம்முடிவுகளைப் பழுதுபார்ப்பு என்று சுருக்குவது அவற்றை எடுத்தவர்களுக்கு நியாயம் செய்யாது. வடிவமைப்பு என்பதே அதற்குரிய பெயர்.

இதே காலத்தில் லொறி உற்பத்தியின் புவியியலும் நகர்ந்தது. 1948இல் நிறுவப்பட்டுச் சென்னையை அடுத்த எண்ணூரில் ஒஸ்டின் கார்களைப் பொருத்திவந்த அசோக் மோட்டர்ஸ், லேலண்டுடன் உடன்பாடு செய்து கொமெட் லொறிகளில் இறங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஜம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் 1954இல் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவோடு லொறி செய்யத் தொடங்கியது. 1969இல் அவ்வொப்பந்தம் முடிந்தபோது முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் நீங்கியது. 1982இல் லங்கா அசோக் லேலண்ட் நிறுவப்பட்டதும், எண்ணூரின் வடிவங்கள் ஹோமாகமைக்கு அருகிலேயே பொருத்தப்படும் நிலை உருவாயிற்று. லங்காஷயரில் பிறந்த ஒரு வடிவம் தமிழ்நாட்டின் கரையில் வேர்விட்டு மலையகத்துக்கு வந்த இப்பாதை, தோட்டத் தமிழரின் சொந்தப் புலம்பெயர்வுப் பாதையோடு இணைந்து செல்வது குறிக்கத்தக்கது.

1960களின் தொடக்கத்தில் எழுந்த அந்நியச் செலாவணி நெருக்கடியே பழைய லொறியைப் பழையதாகவே வாழவைத்த முதன்மைக் காரணம். வாகனங்களும் உதிரிகளும் இறக்குமதி செய்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது; 1970 முதல் 1977 வரை அந்நெருக்கம் உச்சம் கண்டது. ஐரோப்பாவில் பத்தாண்டில் இரும்புக்கடைக்குப் போயிருக்கக்கூடிய வண்டி, இங்கே இன்னொரு தலைமுறை உழைத்தாக வேண்டியதாயிற்று. தேய்ந்த உருளைகள் கடைந்து அகலமாக்கப்பட்டு, உள்ளே புது உறை இறக்கப்பட்டது. முறிந்த வில்தகடுகள் உலையில் காய்ச்சி மீண்டும் வளைக்கப்பட்டன. ஒரு நிறுவனத்தின் சட்டகத்தில் மற்றொன்றின் எஞ்சினும் மூன்றாவதின் கியர்ப்பெட்டியும் அமர்ந்தன. இவை ஒன்றோடொன்று பொருந்துவதற்கு வேண்டிய இடைத்தகடும் இணைப்புத் தண்டும் லேத்தில் புதிதாகக் கடையப்பட்டன. நாட்டுக்கு அது துன்பமான காலம். உணவுப் பற்றாக்குறை தோட்ட லயங்களில் பசியாகவே இறங்கியது. அதே பற்றாக்குறை பட்டறைகளில் இந்த ஒப்பற்ற கைத்திறனை வளர்த்தது என்ற உண்மையையும் சேர்த்தே பதிய வேண்டியிருக்கிறது.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானிய லொறிகள் பெருகின. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களினூடே பெட்போர்டும் கொமெட்டும் கொழுந்து ஏற்றும் வேலையிலிருந்து விலகி விறகு, மணல், கல், மரக்கறி என்று இறங்கிச் சென்றன. தேயிலை உலர்த்தும் அடுப்புகளுக்கு டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) விறகு ஏற்றும் வேலையில் அவற்றின் தாழ்ந்த கியரும் தடித்த சட்டகமும் தொடர்ந்து மதிக்கப்பட்டன. பிரித்தானியாவில் 1986இல் ஜெனரல் மோட்டர்ஸ் பெட்போர்ட் லொறி உற்பத்தியைக் கைவிட்டது. அதை வாங்கிய ஏடபிள்யூடி நிறுவனமும் 1992இல் வீழ்ந்தது.

பழைய லொறிகள் மீதான ஆர்வம் இங்கும் பிரித்தானியாவிலும் வெவ்வேறு வேர்களில் முளைத்தது. பிரித்தானியாவில் பழைய வணிக வாகனங்களுக்கான சங்கம் 1958இல் தோன்றியது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு அவற்றின் ஆண்டுப் பவனி 1962இல் தொடங்கியது. லேலண்ட் ஊரில் 1983இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளின் தோற்றத்துக்கு வண்டியை மீட்பதே அங்கே மேலான மீட்பு. ஊவாவில் ஆர்வம் உழைப்பின் உள்ளிருந்தே வந்தது. தந்தை ஓட்டிய லொறியை மகன் ஓட்டுவதிலும், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே மாதிரியைச் சொல்வதிலும், ஆண்டுதோறும் முகப்புக்கு வர்ணம் பூசுவதிலும் அது வெளிப்பட்டது. இலக்கத் தகட்டைக் கொண்டு காலத்தைக் கணிப்பதும் ஆர்வலர் அறிந்த முறையே. நாட்டின் அன்றைய ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த இரட்டை எழுத்துகள் முந்திய காலத்தையும், தமிழ் மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்த சிங்கள ஸ்ரீ எழுத்து 1950களின் பிற்பகுதியையும் அதற்குப் பின்னான காலத்தையும் காட்டுகின்றன.

எனவே ஊவாவின் ஒரு ஜே வகை பெட்போர்டை லூட்டன் நிலைக்குத் திருப்ப முயல்வது, அதன் மரவுடலையும் மாற்று எஞ்சினையும் அடிக்கப்பட்ட இரும்புப் பட்டைகளையும் அழிப்பதாகும். வண்டி பிழைத்துக்கொள்ளும், சான்று போய்விடும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்து, எந்த வேலைக்காக, எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்பதைச் செய்தவரிடமே கேட்டு எழுதுவதே இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் முறை. வண்டியோடு தோட்டக் காரியாலயங்களின் ஓட்டப் பதிவேடுகளும், தச்சர் பயன்படுத்திய மாதிரிப் பலகைகளும், லேத் பட்டறைகளின் கணக்குப் புத்தகங்களும் சேர்த்துத் திரட்டப்பட வேண்டும். இறக்குமதி தடைப்பட்ட காலத்தில் இளைஞராக வேலை பழகியவர்கள் இன்று முதியவர்கள். அவர்களது வாய்மொழியைப் பதியும் பணியே வரிசையில் முதலாவதாக நிற்கிறது.