போப் விட்டுச்சென்ற சொத்து
மலையேறி வந்தவர்கள்: கொங்கு வரலாற்றுத் தொடர்

நீலகிரி தனி மாவட்டமானது 1868-இல். அதற்கு முன்னால் கால் நூற்றாண்டு அது கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அந்தக் காலத்தில்தான் ஜி.யு. போப் ஊட்டியில் குடியேறி, ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1870 வரை அதன் தலைமையாசிரியர் அவரே. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தவரென்று நாம் கொண்டாடும் அந்தப் பாதிரியார், சில ஆண்டுகள் நம் கலெக்டர் கச்சேரிக்கு உட்பட்ட ஊரில் பாடம் நடத்திய வாத்தியார்.

ஊட்டியில் அவர் பள்ளியோடு நின்றுவிடவில்லை. தோடர்களின் மொழிக்கு ஒரு சுருக்கமான இலக்கணமும் எழுதினார். தோடர்களைப் பற்றி மார்ஷல் என்பவர் 1873-இல் வெளியிட்ட நூலில் அது சேர்ந்து வந்தது. எழுத்து வடிவம் இல்லாத மலைமொழிக்கு வகுக்கப்பட்ட தொடக்க கால இலக்கணங்களில் அது ஒன்று.

இவரைப் போன்ற ஒரு பாதிரியார் இறந்தால், அவருக்குச் சொந்தம் என்று என்ன மிஞ்சும்? அந்தக் காலத்து இங்கிலாந்தின் கிராமத்துக் குருவானவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் குடியிருந்த குருமனை அவருடையது அல்ல. விளைச்சலை அனுபவித்த தேவாலய மானிய நிலமும் அவருடையது அல்ல. நம் ஊர்க் கோயில் மானியத்தைப் பூசாரி ஆண்டு அனுபவிக்கலாம், மகனுக்கு எழுதிவைக்க முடியாது, அதே நிலைதான். குருவானவர் கண்ணை மூடியதும், கைம்பெண்ணான மனைவியும் பிள்ளைகளும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதுமட்டுமா? ஓடு உடைந்திருந்தாலும் சுவர் சரிந்திருந்தாலும், அதைச் செப்பனிடும் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து அடுத்து வரும் குருவானவருக்குக் கட்ட வேண்டியிருந்தது. இதை ஒழுங்குபடுத்த 1871-இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

அங்கே உயிலை மெய்ப்பிக்கும் அதிகாரம் முன்பு திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. 1858 ஜனவரியில் அது அரசின் நீதிமன்றத்துக்கு மாறியது. அதுமுதல் இறந்தவரின் பெயர், இறந்த நாள், சொத்து மதிப்பு எல்லாம் ஆண்டுதோறும் பட்டியலாக அச்சேறின. புத்தகங்கள், மேசை நாற்காலி, குதிரை வண்டி, சேமிப்புப் பணம் ஆகியவையே பெரும்பாலான குருவானவர்கள் உயிலில் எழுத முடிந்தவை.

இந்தியாவுக்கு வந்த ஐரோப்பியர்களின் கதை இன்னும் கடுமை. இங்கே இறந்தவரின் உடைமைகள் பெரும்பாலும் ஏலத்துக்குப் போகும். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கிய எல்லிஸ், பாதிரியார் அல்ல; சென்னைக் கலெக்டர். 1819-இல் இராமநாதபுரத்தில் திடீரென்று இறந்தார். அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த கையெழுத்துத் தாள்களைக் காக்க ஆளில்லை. மதுரையில் கிடந்த தாள்கள் மாதக்கணக்கில் அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்பது தமிழாய்வின் துயரக் கதைகளில் ஒன்று. ஒரு வாழ்நாள் உழைப்பு சமையலறையில் சாம்பலாயிற்று.

எல்லிஸின் உழைப்பில் அச்சேறித் தப்பிய பகுதியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் போப்பும் ஒருவர். 1886-இல் அவர் வெளியிட்ட திருக்குறள் பதிப்பில் தன் மொழிபெயர்ப்போடு, வீரமாமுனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் எல்லிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மறுபதிப்புச் செய்தார். முன்னவர்கள் செய்ததை ஒதுக்கிவிட்டுத் தன் பெயரை மட்டும் நிறுத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1893-இல் நாலடியார் வந்தது. 1900-இல், எண்பது வயது நிறைந்தபோது, திருவாசகம் வந்தது. சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர், ஆக்ஸ்ஃபோர்ட் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தவருக்கு, கடைசியில் மிஞ்சிய சொத்து இந்த நூல்கள்தான்.

போப் 1908 பிப்ரவரியில், 87-ஆம் வயதில் இறந்தார். தன்னைத் தமிழ் மாணவன் என்று கல்லறையில் பொறிக்கும்படி உயில் எழுதினார் என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கல்லில் அந்தச் சொற்கள் இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்த போப் என்று அவரை அந்தக் கல் அறிமுகம் செய்கிறது. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குருவாக இருந்தவர் என்கிறது. முடிவில், இந்தக் கல்லை நாட்டியவர்கள் அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் என்று சொல்கிறது.

கதையைவிடக் கல் சொல்வது எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாணவன் என்பது அவர் தமிழுக்குக் கொடுத்த மரியாதை. கல்லில் இருப்பதோ தமிழர் அவருக்குக் கொடுத்த இடம். போப்பின் குடும்பத்தார் நிற்கும் வரிசையிலேயே, கடல்தாண்டிக் காசு அனுப்பிய தமிழ் வாசகர்களும் நிற்கிறார்கள். எந்த உயிலும் அவர்களை அங்கே நிறுத்தவில்லை. தாங்களாகவே வந்து நின்றார்கள்.

இந்த மனம் கொங்குக்குப் புதியதல்ல. 1956 வரை, கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பாகத்தை ஒருவர் உயில் எழுதிவைக்கச் சட்டம் இடம் தரவில்லை. நம் பக்கத்தில் சொத்தின் கதை பாகப்பிரிவினையின் கதைதான். ஆனால் அந்தப் பாகப்பிரிவினையிலேயே ஊருக்கும் இடம் வைத்தவர்கள் இருந்தார்கள். பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நான்கு பேரும் சொத்தை ஐந்து பாகமாக்கி, ஐந்தாவதைத் தருமத்துக்கு ஒதுக்கினார்கள். 1926-இல் அது பி.எஸ்.ஜி அறநிலையமாயிற்று. யாரும் எழுதிவைக்காத பங்கை, வாரிசுகளே முன்வந்து கொடுத்தார்கள்.

போப்பின் நூல்களில் நமக்கும் அப்படி ஒரு பங்கு உண்டு. பங்கு வாங்கியவருக்குப் பராமரிக்கும் கடமையும் உண்டு. கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் குறளை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு, இவர் ஒரு காலத்தில் நம் மாவட்டத்தில் வாத்தியாராக இருந்தவர் என்று ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். எல்லிஸின் வரிகளையும் வீரமாமுனிவரின் வரிகளையும் காப்பாற்றிக் கொடுத்தவர் இவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோடர் இலக்கணத்தை ஊட்டிக்குச் சுற்றுலா போகும் கல்லூரி மாணவர்கள் ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். காக்க ஆளில்லாத தாள்களுக்கு என்ன நேரும் என்பதை மதுரை அடுப்பு நமக்கு ஒருமுறை காட்டிவிட்டது.

(தொடரும்)