எங்க மாந்தோப்பும் எங்க குழுவும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடும்மா என்று தலைவி அக்கா கேட்டாங்க. எனக்குத் தெரிந்தது எங்க தோப்புக் கதைதான்.

1989-ல் இஃபாட் நிதி உதவியோடு தமிழ்நாட்டில் முதன்முதலாக மகளிர் குழுக்கள் தொடங்கியது நம்ம பழைய தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல். என் மாமியார் அந்தப் பழைய குழுக்காரங்க. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே அங்கேதான் என்று இன்னைக்கும் சொல்வாங்க.

அந்தச் சமயம்தான் மாமனார் 5 ஏக்கர் மேட்டு நிலத்தில் ராகியை விட்டுட்டு பெங்களூரா மாங்கன்று வைத்தார். கிளிமூக்கு, தோத்தாபுரி என்பதும் இதைத்தான். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஃபேக்டரிகள் இருப்பதால் இந்தக் காய்க்குத்தான் கிராக்கி. பழுக்க வைத்து, கழுவி, கொட்டை நீக்கி, கூழைச் சூடாக்கி டின்னிலும் டிரம்மிலும் அடைத்து வெளிநாடு வரைக்கும் அனுப்பறாங்க.

நல்லா காய்த்தால் எங்களுக்கு 15 டன் வரும். இதுதான் சிக்கலே. 1999-ல் உழவர் சந்தைத் திட்டம் வந்தது. ஓசூர் சந்தையில் தக்காளி, கீரை விற்று நானே காசு பார்த்திருக்கேன். ஆனா 15 டன்னை அங்கே கூறு கட்டி விற்க முடியுமா? ஃபேக்டரியோடு நேரா விலை பேசவும் அது பத்தாது. ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிட்டு, மண்டிக்காரர் சொன்னதுதான் விலை.

2025-ல் விலை படுத்துவிட்டது. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கட்டாமல் பாதிக் காயை மரத்திலேயே விட்டோம். பக்கத்து ஆந்திராவில் வெளிமாநிலக் காய் சித்தூருக்குள் வரக்கூடாது என்று தடுத்தாங்க. அவங்க விவசாயிக்கு அரசாங்கம் கிலோவுக்கு 4 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. வீட்டுக்காரர் மரத்தை வெட்டி ப்ளாட்டுக்குக் கொடுத்துடலாம் என்றார். ரெண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை.

அப்போ மாமியார்தான் தாண்ட்ரா போடலாம் என்றாங்க. அவங்க தெலுங்குக்காரங்க. பழக்கூழைப் பாயில் தடவி, காய்ந்ததும் மேலே மேலே பூசிக் காயவைப்பது. குழுவில் எட்டுப் பேர் சேர்ந்தோம். ஜூன் மாதத் தூறலில் முதல் பாய் பூசணம் பிடித்து அப்படியே மாட்டுக்குப் போச்சு! அப்புறம் தகரக் கொட்டகையில் காயவைத்துத் தேறினோம். மொத்தம் 600 கிலோ பழம்தான் செலவானது. 15 டன்னில் அது எந்த மூலைக்கு?

பாலைப் பாருங்க. எவ்வளவு கறந்தாலும் சொசைட்டியில் ஊத்தலாம். குஜராத் கேடாவில் 1946-ல் பால்காரங்க சங்கம் சேர்ந்ததே வியாபாரி கொடுத்த அடிமாட்டு விலையைப் பொறுக்காமல்தான். மிச்சப் பாலை வெண்ணெய், பவுடர் ஆக்கினதும் அவங்க சங்கமே. மாங்காய்க்கு நம்ம கூட்டமைப்பு அதைச் செய்ய முடியாதா?

கூழ் எடுக்கும் மிஷின் ஒன்றும், சோலார் உலர்த்தியும் வாங்கக் கடன் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதி, எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம். ஒன்பதாவது கையெழுத்து மாமியாருடையது. தோப்பு இன்னும் நிற்கிறது, இந்த வருஷமும் பூ விட்டிருக்கு.