துடைப்பலகின் வரலாறு: உலர்நகலாக்கத்தில் அழித்தலின் தொழில்நுட்பம்

முன்னுரை

உலர்நகலாக்கத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் படிமம் தோன்றும் கணத்தையே மையமாகக் கொண்டனர். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னேயும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் லைகோபோடியம் தூளைத் தூவி, நாளும் ஊர்ப்பெயரும் கொண்ட ஒரு வரியை மெழுகுத்தாளில் பதித்தெடுத்தமை பலமுறை விவரிக்கப்பட்டுள்ளது. ஆனால், தூள் முழுவதும் தாளுக்குச் செல்வதில்லை. ஒரு பகுதி தகட்டிலேயே தங்கிவிடும். அதை நீக்காவிடில் முந்தைய எழுத்தின் நிழல் அடுத்த படியிலும் விழும். ஒரே பரப்பை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது இம்முறையின் உயிர்நிலை. ஆதலின், எழுதுதலுக்கு நிகரான இன்றியமையாமை அழித்தலுக்கும் உண்டு. அவ்வழித்தலைச் செய்யும் இரப்பர்ப் பட்டையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தூரிகையிலிருந்து அலகுக்கு

1959இல் அறிமுகமான ஜெராக்ஸ் 914 இயந்திரத்தில் செலினியம் பூசிய உருளையைச் சுழலும் முயல்மயிர்த் தூரிகை துடைத்தது. செலினியத்தைக் கீறாத மென்மை மயிருக்கு இருந்தது. எனினும், தூரிகை தூளைக் காற்றில் எழுப்பும். அதை உறிஞ்ச விசிறியும் வடிகட்டிப் பையும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் இடம் வேண்டும். ஏறத்தாழ 300 கிலோ எடை கொண்ட இயந்திரத்தில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை.

மாற்று வழி அச்சுத்தொழிலில் முன்பே இருந்தது. 1783இல் தாமஸ் பெல் காப்புரிமை பெற்ற துணி அச்சு உருளையில் மிகுதியான சாயத்தை எஃகு அலகு ஒன்று வழித்தெடுத்தது. ஆயின், ஒளியுணர் பரப்பின்மேல் எஃகை வைக்க இயலாது. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழுவினர் உருவாக்கிய பாலியூரித்தேன் அவ்விடத்தை நிரப்பியது. தேய்வைத் தாங்குவதும் அழுத்தினால் மீள்வதுமான அப்பொருளில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டை செய்து, உருளை சுழலும் திசைக்கு எதிராக அதன் விளிம்பைச் சாய்த்து நிறுத்தும் முறை 1970களில் பரவலாயிற்று.

1975இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்துடனான உடன்பாட்டின்படி ஜெராக்ஸ் தன் காப்புரிமைகளைப் போட்டியாளர்க்கு உரிமமாக வழங்க நேர்ந்ததும், சிறிய இயந்திரங்களுக்கான போட்டி கடுமையாயிற்று. 1982இல் கேனன் வெளியிட்ட பிசி-10, பிசி-20 ஆகியவற்றில் உருளை, மின்னேற்றி, தூள்கலம், துடைப்பலகு ஆகிய அனைத்தும் கழற்றி எறியத்தக்க ஒரே பெட்டிக்குள் அடங்கின. 1984இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட்டும் கேனனின் அத்தகைய பெட்டியையே கொண்டிருந்தது. விசிறியும் பையும் தேவைப்படாத அலகு இல்லையேல் இச்சுருக்கம் எளிதில் கைகூடியிராது. தனிமேசை அச்சுப்பொறியின் வரலாற்றில் லேசருக்குத் தரப்படும் இடத்தோடு ஒப்பிட்டால் அலகுக்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது.

விளிம்பின் சிக்கல்

அலகைத் துடைக்கச் செய்வது அழுத்தம். அதனைக் கெடுப்பதும் அழுத்தமே. தூளற்ற வழவழப்பான உருளையில் பாலியூரித்தேன் ஒட்டிக்கொள்ளும். விளிம்பு சுழற்சியோடு இழுபட்டு உள்மடியும், கீச்சொலி எழுப்பும், சில வேளைகளில் அலகே புரண்டுவிடும். குளிரில் அதன் மீள்திறன் குறையும். வெப்பத்தில் ஒட்டுதல் மிகும். முரண் யாதெனில், அலகு வழித்தெறியும் தூளே அதற்கு மசகாகவும் உதவுகிறது. டோனர் துகள்களின்மேல் பூசப்படும் நுண்ணிய சிலிக்கா விளிம்பில் திரண்டு ஓர் அணைபோல் நின்று பின்வரும் தூளைத் தடுக்கிறது. வெற்றிடம் மிகுந்த பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டால் அவ்வணை வறண்டுவிடும். எனவே, சில இயந்திரங்கள் பக்கங்களுக்கு இடையில் யாரும் காணாத தூள்பட்டை ஒன்றை உருளையில் இட்டு அலகுக்கு ஊட்டுகின்றன.

புதிய அலகுக்கு இந்த உதவியும் இல்லை. ஆகவே, தொழிற்சாலையிலேயே விளிம்பில் ஃபுளோரின் சேர்ந்த பாலிமர்த் தூள் அல்லது துத்தநாக ஸ்டியரேட் தூவினர். அது தொடக்கச் சுழற்சிகளுக்கு மட்டுமே போதும். நிலைத்த தீர்வாக அமைந்தது மேற்பரப்புப் பதப்படுத்தல். அலகின் முனையில் ஐசோசயனேட்டை ஊறவைத்து வினைபுரியச் செய்தால், புறத்தே உராய்வு குறைந்த கடினமான மெல்லடுக்கு உண்டாகும். அகம் நெகிழ்வாகவே இருக்கும். புறஊதா ஒளியில் இறுகும் அக்ரிலிக் பிசின் ஊட்டுவது மற்றொரு வழி. இரண்டிலும் அளவே அனைத்தையும் தீர்மானிக்கிறது: அடுக்கு தடித்தால் விளிம்பு உருளையின் நுண்மேடு பள்ளங்களைப் பின்பற்றாது, சிதறவும் கூடும், மெலிந்தால் விரைவில் தேய்ந்துபோகும். செலினியத்தினும் மென்மையான கரிம ஒளியுணர் பூச்சுகள் பரவியதும், அரைத்துச் செய்த கோணல் துகள்களுக்குப் பதிலாக விளிம்பின் அடியில் உருண்டோடும் கோளவடிவ டோனர் வந்ததும் இவ்வளவை மேலும் நுட்பமாக்கின.

பெட்டிமுறைக்கு ஒரு விலையும் இருந்தது. சில மைக்ரான் விளிம்பு தேய்ந்தமைக்காக முழுப் பெட்டியும் குப்பைக்குச் சென்றது. ‘ஜெராக்ஸ்’ என்ற நிறுவனப்பெயரே படியெடுத்தலுக்குப் பொதுப்பெயராகிவிட்ட தமிழகம் உள்ளிட்ட இந்தியப் பகுதிகளின் நகரங்களில், தூள் நிரப்பும் கடைகள் தேய்ந்த ‘பிளேடை’ மட்டும் மாற்றிப் பெட்டிக்கு மறுவாழ்வு தருகின்றன. உற்பத்தியாளர் ஒன்றாக்கியதை மீண்டும் உறுப்புகளாகப் பிரித்த இக்கைத்தொழில் தனி ஆய்வுக்குரியது. இதற்கிடையே, கோளவடிவத் துகள்கள் ஏறக்குறைய முழுமையாகத் தாளுக்குச் செல்வதால், எஞ்சிய சிறிதளவைத் தூள்கலமே திரும்பப் பெற்றுக்கொள்ளும் அலகில்லா அச்சுப்பொறிகளும் சந்தைக்கு வந்துள்ளன.