வீட்டிலேயே கட்டும் பாய்மரப் படகு: கிள்ளான் வட்டாரக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பாய்மரப் படகு கட்டப் பெரிய பட்டறையும் கைதேர்ந்த தச்சரும் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். பிளைவுட் பலகை கொண்டு வீட்டிலேயே கட்டலாம் என்று காட்டியது ‘மிரர்’ படகு.

பிரிட்டனின் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் ஆதரவில் 1962இல் இது உருவானது. படகு வடிவமைப்பாளர் ஜேக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்து காட்டிவந்த பேரி பக்னெலும் இதை வடிவமைத்தனர். நடுத்தரக் குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் படகு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். நீளம் 3.3 மீட்டர், பாயும் மரமும் சேர்க்காமல் எடை சுமார் 45 கிலோ. காரின் கூரைமேல் ஏற்றிச் செல்லலாம். இதுவரை 70,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன.

தைத்து ஒட்டும் முறை

வெட்டிய பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து இறுக்க வேண்டும். பிறகு இணைப்புகளின் மேல் கண்ணாடியிழை நாடா வைத்துப் பிசின் பூச வேண்டும். பிசின் இறுகியதும் வெளியே நீட்டியிருக்கும் கம்பியை வெட்டிவிடலாம். சோழமண்டலக் கரையின் மசூலா படகுகளும் தைத்தவைதான். அங்கே தென்னங்கயிறே கடைசிவரை பலகைகளைப் பிடித்திருக்கும். இங்கே அந்த வேலையைப் பிசின் செய்கிறது.

மரத்தில் சிக்கனம் வேண்டாம்

தளவாடங்களுக்கான பிளைவுட் நீரில் ஊறினால் அடுக்கடுக்காகப் பிரியும். சாயத்திற்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது. பி.எஸ். 1088 தரமுள்ள மரைன் பிளைவுட்டே ஏற்றது. வெட்டிய ஓரங்களை எபோக்சியால் மூட வேண்டும். பிசின் வேலையைக் காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு செய்ய வேண்டும். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம்.

எங்கே ஓட்டுவது?

போர்ட் கிள்ளானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். நீர் வற்றும்போது ஆற்று முகத்தில் இழுப்பு பலமாக இருக்கும். காற்று ஓய்ந்தால் சிறிய படகால் அதை எதிர்த்துத் திரும்ப முடியாது. பெரிய கப்பல்கள் செல்லும் வழியும் அதுதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், ‘சுமத்ரா’ சூறைக்காற்று திடீரென வீசுவதுண்டு.

ஆகவே, அனுமதியுள்ள ஏரியில் தொடங்குவதே நல்லது. கடலுக்குச் செல்லுமுன் வானிலை அறிக்கையையும் நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். உரிமம் பற்றிக் கடல்துறை இலாகாவில் கேட்டறிய வேண்டும். போர்ட் கிள்ளானில் 1969இல் தொடங்கப்பட்ட அரச சிலாங்கூர் படகு மன்றத்தில் அனுபவசாலிகளைச் சந்திக்கலாம்.

பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன், பெரியவர்கள் பாதுகாப்பு அங்கி அணிந்து, கரையோரத்தில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும். நீர் நிறைந்த பிறகும் மிதக்கும் படகில்தான் குடும்பத்தை ஏற்றலாம்.