குளிர்கால டயர்த் தேர்வு: விலையும் திறனும்

குளிர்கால டயர் என்பது, வெண்பனியும் பனிக்கட்டியும் குளிர்ந்த ஈரமும் மாறிமாறிப் படரும் சாலைகளில் பிடிமானம் குன்றாமல் ஓடுவதற்காக, ரப்பர்க் கலவையிலும் வரியமைப்பிலும் கோடைகால டயரினின்று வேறுபடுத்திச் செய்யப்படும் வாகன டயராகும். மத்திய ஐரோப்பாவிலும் வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் கார் வைத்திருப்போர் பலர் இரண்டு தொகுதி டயர்களை வாங்கிவைத்துப் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர். இந்த இரண்டாம் தொகுதிக்கு எவ்வளவு செலவிடுவது, அச்செலவுக்கு எந்தத் திறனைக் கேட்டுப் பெறுவது என்பதே தேர்வின் சிக்கல். ஜெர்மனியின் சமவெளிகளில் குளிர்காலம் கடுமையானது என்பதைவிட நிலையற்றது என்பதே பொருந்துமாதலால், இச்சிக்கல் அங்கே நன்கு புலப்படுகிறது.

கோடைகால டயரின் கலவை, வெயிலில் சூடேறிய சாலையில் குழைந்து தேய்ந்துவிடாதபடி கெட்டியாக ஆக்கப்படுவதால், வெப்பநிலை இறங்க இறங்க விறைத்து, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றும் ஆற்றலை இழக்கிறது. குளிர்கால டயரிலோ இயற்கை ரப்பரின் பங்கும் சிலிக்காவின் பங்கும் கூட்டப்பட்டு, உறைநிலைக்குக் கீழும் நெகிழ்வு காக்கப்படுகிறது. 7 பாகை செல்சியசுக்குக் கீழ் குளிர்கால டயரே மேல் என்று பரவலாகச் சொல்லப்படுவது கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் வசதியான தோராய விதியேயன்றிப் பௌதிக எல்லையன்று. உலர்ந்த சாலையில் அதற்குக் கீழும் நல்ல கோடைகால டயர் குறைந்த தூரத்தில் நின்றுவிடக்கூடும்.

தரையைத் தொடும் பரப்பில் உள்ள, பேச்சுவழக்கில் பட்டன் எனப்படும் ரப்பர்க் கட்டைகள் ஒவ்வொன்றிலும் மெல்லிய கீறல்கள் பல இடப்பட்டிருக்கும். டயர் உருளும்போது அவற்றின் விளிம்புகள் விரிந்து வெண்பனியைக் கவ்வுகின்றன. பட்டன்களுக்கு இடையிலுள்ள அகன்ற பள்ளங்களில் அடைந்து இறுகும் வெண்பனி, சாலையில் கிடக்கும் வெண்பனியோடு ஒட்டிக்கொள்வதால், அந்த அடைப்பும் பிடிமானத்துக்கு உதவுகிறது. ஆனால் கீறல் மிகுந்த மென்மையான பட்டன்கள் உலர்ந்த சாலையில் பிரேக் அழுத்தப்படும்போது நெளிந்துகொடுப்பதால் அங்கே நிற்கும் தூரம் கூடுகிறது. வெண்பனி, ஈரம், உலர்தரை ஆகிய மூன்றிலும் ஒருசேர முதன்மை பெறுவது அரிது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்ற இழுபறியைச் சமன்செய்யும் ஆய்வுக்கே முன்னணி நிறுவனங்களின் விலையில் ஒரு பங்கு போகிறது.

வேறுபாட்டின் அளவைக் கணக்காலும் காணலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் டயருக்கும் இறுகிய வெண்பனிக்கும் இடையிலான உராய்வுக் கெழு, அதாவது சக்கரம் தாங்கும் எடையில் எத்தனை பங்கு பிடிமானமாக மாறுகிறது என்னும் விகிதம், குளிர்கால டயரில் 0.3, கோடைகால டயரில் 0.2 எனக் கொண்டால், முன்னது ஏறத்தாழ 33 மீட்டரிலும் பின்னது 49 மீட்டரிலும் நிற்கும். முன்னது நின்றுவிட்ட இடத்தைப் பின்னது மணிக்கு ஏறக்குறைய 29 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும் என்பதைக் கருதினால், 16 மீட்டர் வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

இத்துறை பின்லாந்தில் தொடங்கிய வரலாறுடையது. நோக்கியா நகரின் ரப்பர் ஆலை 1934இல் சரக்குந்துகளுக்கான குளிர்கால டயரையும், 1936இல் ஹக்கபெலீட்டா என்னும் பெயரில் கார்களுக்கான டயரையும் வெளியிட்டது. இன்று நோர்டிக் வகை எனப்படும் டயர்கள் மிகவும் மென்மையாக, நீண்ட உறைகுளிருக்கும் பனிக்கட்டிக்கும் ஏற்றவையாகவும், மத்திய ஐரோப்பிய வகை சற்றுக் கெட்டியாக, ஈரச்சாலைக்கும் ஆட்டோபான் எனப்படும் ஜெர்மானிய விரைவுச்சாலையின் வேகத்துக்கும் ஏற்றதாகவும் அமைகின்றன. உலோக முனை பதித்த ஆணி டயர் பனிக்கட்டியில் உறுதியாகப் பற்றினாலும் சாலையைச் சுரண்டித் தூசி கிளப்புவது. ஜெர்மனி 1975 முதல் பொதுவாக அதைத் தடைசெய்துள்ளது, ஜப்பான் 1990இல் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றியது. விலையைப் பார்க்குமுன் வகையை முடிவுசெய்தல் வேண்டும். கொலோன் நகரின் மழையில் ஓடும் காருக்கு உயர்விலை நோர்டிக் டயர் வாங்குவது, பணம் கொடுத்துப் பிடிமானத்தைக் குறைத்துக்கொள்வதாகும்.

டயரின் பக்கச்சுவரில் காணப்படும் எம்+எஸ் என்ற பழைய குறி எவ்விதச் சோதனையையும் கட்டாயமாக்காதது. தயாரிப்பாளர் தாமே இட்டுக்கொள்ளலாம். மூன்று சிகரங்களுள்ள மலைக்குள் வெண்பனிச் செதில் வரையப்பட்ட குறியோ, வெண்பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறித்த அளவு கூடுதலாகப் பற்றியதைக் காட்டுவது. ஜெர்மனியில் 2010இல் திருத்தப்பட்ட விதி நாட்காட்டியைப் பாராமல் சாலையின் நிலையையே பார்க்கிறது. வெண்பனியோ வழுக்கும் உறைபனியோ உள்ளபோது உரிய டயரின்றி ஓட்டுபவருக்கு 60 யூரோ அபராதமும் ஒரு தண்டப் புள்ளியும் உண்டு. 2024 அக்டோபர் முதல் மலைக்குறியுள்ள டயரே அங்கு செல்லும். தமிழர் திரளாக வாழும் கனடாவில், கியூபெக் மாகாணம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியிருக்க, ஒன்ராறியோவோ கட்டாயப்படுத்தாமல், காப்பீட்டு நிறுவனங்கள் 2016 முதல் கட்டணத் தள்ளுபடி அளிக்கவேண்டுமென விதித்தது.

சந்தையில் மிகமலிவான டயர் முன்னணி நிறுவன டயரின் பாதி விலைக்கே கிடைப்பதுண்டு. அது வெண்பனியில் ஓரளவு ஈடுகொடுத்தாலும், பெரும்பாலும் சறுக்குவது ஈரச்சாலையில். சமவெளிக் குளிர்காலத்தில் அதிக நாட்கள் ஈரமானவையே என்பதால் சேமிப்பு தவறான இடத்தில் செய்யப்பட்டதாகிறது. பெருநிறுவனங்களின் இரண்டாம்நிலைப் பெயர்கள், அதாவது காண்டினெண்டலின் செம்பரிட், பாரம், மிஷலினின் கிளேபர், குட்இயரின் ஃபுல்டா போன்றவை, இடைவிலையில் ஏற்கத்தக்க திறன் தருவதுண்டு. ஒரகடத்தில் ஆலை நடத்தும் அப்போலோ நிறுவனம் 2009இல் வாங்கிய நெதர்லாந்தின் விரெடெஸ்டைனும் மத்திய ஐரோப்பிய வகை டயர்களைச் செய்வதே. எனினும் ஒரே மாதிரி ஓர் அளவில் சிறந்தும் வேறோர் அளவில் சுமாராகவும் அமையக்கூடுமாதலால், பெயரைவிடச் சோதனை முடிவுகளே நம்பத்தக்கவை. ஜெர்மனியின் மோட்டார் வாகனக் கழகமான ஏடிஏசி தன் சோதனைகளில் ஓட்டப் பாதுகாப்புக்கு 70 விழுக்காடும், தேய்மானம் உள்ளிட்ட சுற்றுச்சூழல் இயல்புகளுக்கு 30 விழுக்காடும் மதிப்பு அளிக்கிறது. 2021 மே முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய டயர்த் தரச்சிட்டை ஈரப்பிடிமானத்தையும், எரிபொருள் செலவைத் தீர்மானிக்கும் உருளல் தடையையும் ஏ முதல் ஈ வரை தரப்படுத்துகிறது. உலர்தரையில் நிற்கும் தூரமும் தேய்மானமும் அதில் இல்லை.

டயரின் விலையோடு செலவு முடிவதில்லை. ஆண்டுக்கு இருமுறை மாற்றும் கூலி, இடமில்லாதோர் கட்டும் சேமிப்புக் கட்டணம், தனி ரிம்கள், சில கார்களில் அந்த ரிம்களுக்கான காற்றழுத்த உணரிகள் ஆகியன சேரும். ஆயினும் ஒரு தொகுதி ஓடும்போது மற்றது தேயாதிருப்பதால், டயருக்கான செலவில் ஒரு பகுதி காலப்போக்கில் ஈடாகிறது. வாகனப் பதிவு ஆவணங்கள் இடமளித்தால், 18 அங்குல ரிம்மைவிட்டு 16 அங்குலத்துக்கு இறங்குவது விலையைக் கணிசமாகக் குறைக்கும். அதே செலவில் தரமான டயரும் கிடைக்கும். இரண்டு மட்டும் வாங்கி முன்சக்கரங்களில் பூட்டுவது, பின்சக்கரங்கள் வழுக்கிக் கார் சுழல வழிசெய்யும் போலிச் சிக்கனம். மலைப்பக்கம் போகாமல் நகருக்குள் குறைவாக ஓட்டுபவருக்கு, மலைக்குறி பெற்ற அனைத்துப் பருவ டயரே கணக்கில் வெல்லும்; பயர்ன் மாநில மலைச்சாரலில் குடியிருப்பவருக்கு அது போதாது.

பழைய டயர் வாங்குவோர் பார்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண். 4122 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 41ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள், ஆண்டு கூடக்கூட ரப்பர் விறைத்துக்கொண்டே போகும். மற்றொன்று, வரிப்பள்ளத்தின் ஆழம். ஜெர்மனியில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதுமென்றாலும், 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்ததை ஆஸ்திரியா குளிர்கால டயராகவே ஏற்பதில்லை.